யாரும் கேட்காத பதில்

மச்சான்,

நேற்று செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போயிருந்தேன். இந்த முறை கூண்டில் இல்லை, வெளியே பெஞ்சில்தான். பக்கத்து வீட்டுக்காரரின் நிலப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். காத்திருந்தபோது உள்ளே குமாஸ்தா ஒருவர் ஏதோ துணிப் பொட்டலத்துக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தியில் அரக்கைக் காட்டி உருக்குகிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன்.

உன் கோடாலியைச் சுற்றியிருந்த துணியிலும் இதே அரக்குதான். ஒவ்வொரு சாட்சி வரும்போதும் அதைப் பிரித்துக் காட்டுவார்கள். நீ ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊரில் நம் கதையை இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள். மச்சானைக் காப்பாற்ற ஜெயிலுக்குப் போனவன் என்று உன்னைப் பற்றி மாதா கோயிலில்கூட ஒருமுறை பிரசங்கம் வைத்தார்கள். உனக்கு அது பிடித்திருக்காது. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பதில் உனக்கு இருந்த பிடிவாதம் வேறு யாருக்கும் இருந்து நான் பார்த்ததில்லை. ஆகவே நானும் அப்படியே எழுதப் பார்க்கிறேன்.

எல்லாம் உன் தம்பி சின்னப்பனில் தொடங்கியது. மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவே கடலோரம் முழுக்க அப்போது சவுக்குத் தோப்புதானே. மெட்ராசுக்கு விறகு போய்க்கொண்டே இருக்கும். நம் காலனியில் பாதிப் பேருக்கு அந்த மரம் வெட்டுதான் சோறு. நீயும் உன் தம்பியும் வெட்டினீர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் என்பதால் லோடு ஏற்றிக்கொண்டே சங்கத்துக்கு மனு எழுதுகிறவனாகவும் ஆனேன். என் தங்கை அமலியை நீ கட்டியதற்கு முன்பும் நாம் மச்சான்தான், பின்பும் மச்சான்தான்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு நாள், மேஸ்திரி கயிறு கட்டாமலே மரத்தைச் சாய்க்கச் சொன்னான். கயிறு வேறு தோப்பில் இருந்தது, லாரி காத்திருந்தது. மரம் திரும்பிச் சின்னப்பன் மார்பில் விழுந்தது. அவனை மாட்டு வண்டியில் ஏற்றும்போதே உயிர் இல்லை. போலீசில் மேஸ்திரி எழுதிக் கொடுத்தது என்னவென்றால், குடித்துவிட்டு வந்து மரத்துக்கு நேராக நின்றான் என்று. சாராய வாசனை பட்டாலே மூக்கைப் பொத்துகிற ஆள் அவன். ஆனால் காகிதத்தில் குடிகாரனாகச் செத்தான்.

சங்கத்தில் கூட்டம் போட்டோம். நான் எழுந்து, "மேஸ்திரி இதுக்குப் பதில் சொல்லியே ஆகணும்" என்று பேசினேன். எல்லோரும் கை தட்டினார்கள். நீ தட்டவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாய்: "மச்சான், எழுதனத மாத்தி எழுத வைக்க முடியுமா?"

"மனு குடுத்திருக்கேன். பார்ப்போம்" என்றேன்.

"குடிக்கலன்னு ஒரு வரி. அது போதும் எனக்கு."

மனுவுக்குப் பதில் வரவில்லை. அதற்குள் எமர்ஜென்சி வந்துவிட்டது. சங்கம் என்கிற சொல்லையே சத்தமாகச் சொல்ல ஆள் இல்லை. நீ மட்டும் விடவில்லை. ஒரு காலையில் தோப்பில் பம்புக் கொட்டகை ஓரம் மேஸ்திரி தனியாக நின்றபோது போய்க் கேட்டாய். ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லும்படி கெஞ்சினாய். அவன் பல் விளக்கிக்கொண்டே, "செத்தவன் எழுந்து வந்து குடிக்கலன்னு சொல்லட்டும்" என்றான். அப்போது கோடாலி உன் கையில் இருந்தது.

இதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று நான் புதுப்பட்டினத்தில் லாரியில் இருந்தேன்.

அங்கிருந்து நீ ஓடவில்லை. நேராகக் கோயிலுக்கு நடந்தாய். பங்குச் சாமியார் அப்போதுதான் பூசை முடித்து வெளியே வந்திருந்தார். உன் சட்டையைப் பார்த்ததும் அவருக்கு விளங்கியிருக்கும். "பாவசங்கீர்த்தனம் பண்ணணும் சாமி" என்றாயாம். அவர் ஒன்றும் கேட்காமல் திரும்ப உள்ளே போய், அந்த வலையடித்த பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தார். செய்த பாவத்தைச் சொல்லி முடித்து, அதற்காக மனம் வருந்துகிற உத்தம மனஸ்தாப மந்திரமும் சொன்னாய். பாவப்பொறுத்தல் கொடுத்துவிட்டு அவர் சொன்னதாக நீ என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஆண்டவர் மன்னிச்சிட்டார். மனுஷங்ககிட்ட சொல்றது உன் இஷ்டம். நான் வற்புறுத்த மாட்டேன்."

உச்சி வெயிலில் நீயாகவே ஸ்டேஷனுக்குப் போனாய். கோடாலி கிடந்த இடத்தையும் காட்டினாய். நான்தான் வெட்டினேன், தனியாகத்தான் வெட்டினேன் என்றாய். ஒரு கொலை வழக்குக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு அது போதவில்லை. தோப்புக் காண்டிராக்டருக்கு உன்னைப் பற்றிக் கவலையில்லை. அவருக்கு வேண்டியது சங்கத்து ஆள். கூட்டத்தில் நான் பேசிய ஒரு வரி அவர்களிடம் இருந்தது. உன்னிடமிருந்து இன்னொரு வரி கிடைத்தால் போதும்.

யோசித்துப் பார்த்தால் இப்போதும் திகைப்பாக இருக்கிறது. செய்யவில்லை என்று சொல்கிறவனை அடித்துச் செய்தேன் என்று சொல்ல வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். செய்தேன் என்று தானே வந்து நின்றவனையும் அடித்தார்கள். நம் இருவருக்கும் சிறு வயதில் ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்த உபதேசியார் ஞாபகம் இருக்கிறதா? பாவசங்கீர்த்தனத்தில் யாராவது பக்கத்து வீட்டு விஷயத்தை எடுத்தால் காதைத் திருகுவார். "உன் பாவத்த மட்டும் சொல்லு. அடுத்தவன் பாவம் உனுக்கு எதுக்கு?" என்பார். ஸ்டேஷனில் நேர் எதிராகக் கேட்டார்கள். உன் பாவம் அவர்களுக்குக் கையில் கிடைத்தாகிவிட்டது. அடுத்தவன் பாவத்தைச் சொல் என்றார்கள்.

அடிக்கு நீ அசையவில்லை. அப்புறம் அமலியை வரவழைத்து ரைட்டர் மேசைக்கு எதிரே தரையில் உட்கார வைத்தார்கள். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அவளைத் தொடவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை சும்மா உட்கார வைத்திருந்தார்கள். மறுநாளும் வரச் சொன்னார்கள். மறுநாள் நீ மாஜிஸ்டிரேட் முன்னால் நின்று, மச்சான் சொல்லித்தான் வெட்டினேன் என்று வாக்குமூலம் கொடுத்தாய். வராந்தாவில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். அமலி அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

என்னை அதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். சப் ஜெயிலில் உன்னைக் கொண்டுவந்து விட்டபோது உன் உதடு வீங்கி, ஒரு கண் திறக்காமல் இருந்தது. நேரே என் முன்னால் வந்து உட்கார்ந்தாய்.

"உன் பேரையும் சொல்லிட்டேன் மச்சான்."

"தெரியும்."

"அமலிய உக்கார வெச்சிருந்தானுங்க."

"அதுவும் தெரியும்" என்றேன்.

எனக்குக் கோபம் வந்ததா என்று பின்னால் அமலி கேட்டாள். வந்தது. உன்மேல் வரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ராத்திரியில் தூக்குக் கயிறு ஞாபகம் வந்து எழுந்து உட்காருவேன். பக்கத்தில் நீ படுத்திருப்பாய். உன்னை எழுப்பி ஒரு அறை விட வேண்டும் போல இருக்கும். அடுத்த நிமிடமே உன் கண் வீக்கத்துக்கு ஈரத்துணி வைப்பேன்.

சங்கத்துக்காரர்கள் செங்கல்பட்டு வக்கீல் ஒருவரை அமர்த்தினார்கள். பீடி பிடிக்கிற, பொறுமையில்லாத, நல்ல மனிதர். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று விரல் விட்டு விளக்கினார்.

"போலீஸ்கிட்ட சொன்னது சட்டப்படி செல்லாது. அதுல என்ன இருந்தாலும் கோர்ட்டு பார்க்காது. மாஜிஸ்டிரேட்கிட்ட சொன்னது செல்லும், ஆனா உன் இஷ்டத்துல சொல்லியிருக்கணும். யோசிக்க நேரம் கொடுத்திருக்கணும், அடிச்சாங்களான்னு கேட்டிருக்கணும். எதுவும் நடக்கல. கண்ணால பார்த்த சாட்சி கிடையாது. கோடாலியா, அந்தத் தோப்புல யார்கிட்ட கோடாலி இல்ல? கடைசியில ஜட்ஜ் உன்கிட்ட நேரா கேட்பார். எல்லாத்துக்கும் பொய்னு சொல்லு. அடிச்சு வாங்கினாங்கன்னு சொல்லு. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

நீ தலையாட்டினாய். அவர் போனதும் சுவரோரம் போய் உட்கார்ந்தாய். அங்கிருந்தே சொன்னாய்:

"அட்ச்சது நெஜம். உன்னச் சேத்தது பொய். நான் வெட்னது நெஜம். வக்கீலு மூணையும் ஒண்ணா கட்டிப் பொய்யிங்கறாரே."

"கோர்ட்டுல அப்படித்தான். எடுத்தா மொத்தமா எடுப்பாங்க, தள்ளினா மொத்தமா தள்ளுவாங்க."

"சாமிகிட்ட சொன்னத இங்க வந்து இல்லேன்னு சொன்னா, அங்க சொன்னது இன்னா ஆவும்?"

"அங்க சொன்னது அங்கயே இருக்கும். அது ஆண்டவருக்கும் உனக்கும் நடுவுல."

"அப்ப சின்னப்பனுக்கு எழுதன பொய்யி? அதுவும் அவனுக்கும் ஆண்டவருக்கும் நடுவுலதானா?"

நாம் இருவரும் வெளியே போக வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் தலையில் இருந்தது.

அமலி என்ன செய்தாள் தெரியுமா? சாமியாரிடம் போனாள். இதை அவள் உன்னிடம் சொல்லவில்லை, எனக்குத்தான் ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். முழங்காலில் நின்று, "எங்க அண்ணன் மேல தப்பு இல்லன்னு உங்களுக்குத் தெரியும் சாமி. கோர்ட்டுல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள்.

அவர் சொன்னார்: "எனக்கு எதுவும் தெரியாது, அம்மா."

"அவரு உங்ககிட்டதான் மொதல்ல வந்தாரு."

"யார் வந்தாங்க, என்ன சொன்னாங்க, எதுவும் எனக்குத் தெரியாது. என்னைக் கழுத்தை வெட்டினாலும் தெரியாது. இன்னொரு தடவை என்கிட்ட இதைக் கேட்காதே."

பேசும்போது கோயில் கேட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அமலி அவரை அந்த இடத்திலேயே சபித்துவிட்டு வந்தாள். அதன் பிறகு பல வருஷம் பூசைக்குப் போகவில்லை.

மறுவாரம் உன்னைப் பார்க்க வந்தவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா?

"சாமி மன்னிச்சிட்டாரா இல்லையா?"

"மன்னிச்சாரு."

"அப்புறம் இன்னாத்துக்கு உனுக்குக் கோர்ட்டு? அவுரே மன்னிச்சப்புறம் ஜட்ஜுகிட்ட இன்னாத்த சொல்லப் போற? இல்லேன்னு சொல்லு. அண்ணனும் வரட்டும், நீயும் வா. புள்ள பொறக்கும்போது ரெண்டு பேரும் வூட்ல இருக்கணும்."

நீ அவளைப் பார்த்துச் சிரித்தாய். சரி என்றாய். அவள் நம்பிக்கொண்டு போனாள். நானும்தான் நம்பினேன்.

அந்த நாளை எழுத எனக்குக் கை ஓடவில்லை. சாட்சிகள் எல்லாம் முடிந்திருந்தன. மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. பின் வரிசையில் மேஸ்திரியின் மனைவி, வழக்கு நடந்த நாளெல்லாம் வந்ததுபோல அன்றும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அமலி கதவோரம் நின்றிருந்தாள். ஜட்ஜ் தமிழில்தான் கேட்டார். நிதானமானவர், ஒவ்வொரு கேள்வியையும் உனக்குப் புரிகிற மாதிரி உடைத்துக் கேட்டார்.

"உங்கள் தம்பி குடித்துவிட்டு மரம் விழுந்து இறந்ததாகவும், அதனால் இறந்துபோன மேஸ்திரிமேல் உங்களுக்கு விரோதம் இருந்ததாகவும் சாட்சி சொல்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

வக்கீல் உன்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். பொய் என்று ஒரே ஒரு சொல்தான் நீ சொல்ல வேண்டியிருந்தது.

"மரம் வியுந்து செத்தது நெஜம் சாமி. குட்ச்சான்றது பொய்யி. அத எழுதிக்குங்க" என்றாய்.

"கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். விரோதம் இருந்ததா?"

"இருந்திச்சு. நான்தான் வெட்னேன்."

வக்கீல் எழுந்தே நின்றுவிட்டார். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். நீங்கள் இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் உங்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ள நேரிடும், தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று கேட்டார். தெரியும் என்றாய். மாஜிஸ்டிரேட் முன்னால் கொடுத்த வாக்குமூலம் பற்றிக் கேட்டார்.

"அதுல பாதி நான் சொன்னது. பாதி அவங்க சொன்னது. இவனுக்கு எதுவும் தெரியாது. அன்னிக்கு இவன் தோப்புலயே இல்ல."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் மச்சான். என் கழுத்து தப்பிவிட்டது. உன் தம்பியைப் பற்றியும் சொல்லியாகிவிட்டது. ஜட்ஜ் அடுத்த காகிதத்தைப் புரட்டினார். டாக்டர் ரிப்போர்ட்டின்படி வெட்டு விழுந்ததுமே உயிர் போயிருக்கும் என்று இருந்தது. அது பற்றி உன்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. நீயாகவே சொன்னாய்:

"ஒடனே சாவல. தண்ணி கேட்டான். பக்கத்துலயே பம்பு ஓடிகினு இருந்திச்சு. நான் குடுக்கல. சாவற வரைக்கும் பாத்துகினு நின்னேன்."

டைப் அடிக்கிறவர் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜட்ஜைப் பார்த்தார். எழுதுங்கள் என்று அவர் தலையாட்டிய பிறகுதான் மிஷின் ஓடியது. நான் திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரியின் மனைவி எழுந்து நின்றிருந்தாள். அழவில்லை. வெளியே போக வழி தெரியாதவள் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே போனாள்.

நீ அன்று கொடுத்தது வாக்குமூலமே இல்லை. அது பாவசங்கீர்த்தனம். உபதேசியார் சொல்லிக் கொடுத்தபடி செய்தாய்: அடுத்தவன் பாவத்தை எடுக்காமல், உன்னுடையதில் எது மிக மோசமோ அதை மறைக்காமல். ஆனால் அங்கே வலையடித்த பலகை இல்லை. கேட்டதைத் தன்னோடு வைத்துப் புதைத்துக்கொள்ள ஒரு சாமியார் இல்லை. ஊரே உட்கார்ந்திருந்தது.

தீர்ப்பில் எனக்கு விடுதலை, உனக்கு ஆயுள். தண்ணீர் கொடுக்காமல் நின்றதை ஜட்ஜ் தீர்ப்பில் ஒரு பத்தி எழுதியிருந்தார். உண்மையை ஒப்புக்கொண்டதால்தான் தூக்கு இல்லை என்றும் எழுதியிருந்தார். உன்னை வண்டியில் ஏற்றிய பிறகு வக்கீல் என்னை டீக்கடைக்கு அழைத்துப் போனார். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"உன்னைக் காப்பாத்தத்தான் பேசினான்னு நினைக்காதே. அந்த வாக்குமூலம் எப்படியும் விழுந்திருக்கும். ரெண்டு பேரையும் வெளிய கொண்டாந்திருப்பேன். அவனுக்கே தெரியும், நேத்துகூட சொன்னேன்." கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தண்ணி விஷயத்தை யார் கேட்டா அவனை?" என்றார்.

அந்த மாதமே அமலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊரில் அதற்குள் பேச்சு பரவிவிட்டது. மச்சானுக்காகப் போனான் என்றார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம், உயிர் கொடுத்தவன் பெயரைக் காப்பாற்று என்பார்கள். அந்தச் சொல்லை என்னால் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை. அதனால்தான் வேலூர் ஜெயிலுக்கு முதல் தடவை வந்தபோதே உன்னிடம் நேராகக் கேட்டேன்.

"எனக்காகத்தான் சொன்னியா மச்சான்?"

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. "உனக்காவ இல்ல" என்றாய். "நீ வெளிய வருவன்னு வக்கீலு சொல்லிட்டாரே. சாமிகிட்ட சொல்லச்சொல்ல பாரம் எறங்கினா மாரி இருந்திச்சு. கூண்டுல நின்னு பொய்னு சொல்ல வாயத் தொறந்தேன், திரும்ப ஏறிடும்னு தோணிச்சு. அவ்ளோதான்."

"இப்ப?"

"இப்ப தூங்கறேன்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது, பாரமும் குறைந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். அமலிக்கு மட்டும் இதை நான் சொல்லவில்லை. அண்ணனுக்காகப் போனார் என்றிருந்தால் அவளால் உன்னைப் பொறுக்க முடிந்தது. நீ தூங்குவதற்காகப் போனாய் என்று தெரிந்தால் அவள் வேலூருக்கு வந்திருக்க மாட்டாள்.

மூன்றாவது மழைக்காலத்தில் உனக்கு மார்ச்சளி பிடித்து, டி.பி. என்றார்கள். ஜெயில் ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வந்தபோதே முடிந்துவிட்டிருந்தது. காலனிக்குக் கொண்டுவந்தோம். அடக்கத்துக்கு அந்தச் சாமியாரே வந்தார். கிழடாகிவிட்டார். அமலி அவரைப் பார்க்கவில்லை. ஆனால் மண் போட்டு முடித்ததும், தன் மகளை அவர் பக்கம் மெல்லத் தள்ளி, "சாமிக்குத் தோத்திரம் சொல்லு" என்றாள். அவர் குழந்தையின் தலையில் கை வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானது உனக்குத் தெரியும், அல்லது நீ ஊகித்திருக்கக் கூடியது. இனிமேல் சொல்வது தெரியாது.

விடுதலைக்குப் பிறகு எனக்குத் தோப்பில் வேலை கிடையாது. ரேஷன் கடையில் எடை போடுகிற வேலை கிடைத்தது. மேஸ்திரியின் மனைவிக்கும் அந்தக் கடையில்தான் கார்டு. மாதாமாதம் வருவாள். நான் எடை போடுவேன், அவள் பையைப் பிடிப்பாள், முகம் பார்க்க மாட்டோம். நீ இறந்த மாதத்தில் ஒரு நாள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். அரிசியை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"செத்துட்டானாமே."

"ஆமாம்மா."

"எங்க வூட்டுக்காரரு நல்லவரு இல்ல. எனுக்கே தெரியும். உங்க சின்னப்பன் விசயத்துல பொய் சொன்னாருன்னும் தெரியும், எங்கிட்டயே சொன்னாரு. ஒரே வெட்டுல போயிட்டாரு, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு போலீசுல சொன்னாங்க. டாக்டரும் சொன்னாரு. அத வெச்சிகினுதான் இருந்தேன். அவன் வந்து தண்ணி கேட்டாருன்னான்."

நான் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யாரு கேட்டாங்க அவன? ஜட்ஜு கேட்டாரா? நான் கேட்டனா? அவனுக்குச் சொல்லி எறக்கிட்டா போதும். எறக்குன எடத்துல யாரு குந்திகினு கீறாங்கன்னு பாக்கல. குடத்த எடுத்தா அந்த நெனப்புதான். புள்ளைங்க தண்ணின்னு கேட்டா ஒடம்பே ஆடிப்போவுது." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அவனாண்ட சொல்லணும்னு இருந்தேன். வேலூரு வரைக்கும் போக யாரு கீறாங்க எனுக்கு."

போய்விட்டாள். அதன் பிறகும் மாதாமாதம் வந்தாள். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்போது அவளும் இல்லை.

சாமியார் வாயைத் திறக்காததற்காக அமலி அவரைச் சபித்தாள். நீ வாயைத் திறந்ததற்காக இவள் உன்னைச் சபித்தாள். இரண்டு பேரிலும் யாரையும் என்னால் தப்பு சொல்ல முடியவில்லை. நீ மறைத்திருந்தால் உனக்குத் தூக்கம் இல்லை. சொன்னதால் அவளுக்கு இல்லை. சட்டம் தெரிந்தவர்களிடமும் கேட்டிருக்கிறேன், புதிதாக வருகிற சாமியார்களிடமும் பெயர் சொல்லாமல் கேட்டிருக்கிறேன். சட்டக்காரர் அது உண்மையா என்று பார்க்கிறார். சாமியார் மனஸ்தாபம் இருந்ததா என்று பார்க்கிறார். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவள் என்ன ஆனாள் என்பது இருவர் கணக்கிலும் வரவில்லை.

நீ உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அவள் வாசலுக்குப் போய் நின்றிருப்பாய். அவள் கதவைச் சாத்தியிருப்பாள். நீ நின்றுகொண்டே இருந்திருப்பாய்.

அவள் உனக்கென்று சொன்னதை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை, அமலியிடம்கூட. அது உனக்குச் சேர வேண்டியது. இன்று எழுதிவிட்டேன். சொன்னால் இறங்கும் என்றாயே. எனக்கு இறங்கவில்லை, மச்சான்.